ரூபஸ் கணக்கு

பழைய நோட்டில் இன்னும் கிடக்கிறது:
ரூபஸ் தவசிமுத்து, பாக்கி முந்நூற்றைம்பது.
ரெண்டு பாக்ஸ், ஒரு மிக்ஸர், மூன்று மைக்.
சமாதானபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு.
வருசத்தின் மேல் தண்ணீர் பட்டு ஊறிவிட்டது.

அன்று மண்டபத்துக்கு ஒத்த பேஸ்தான் வந்தது.
டியூப்லைட்டெல்லாம் கண்ணைச் சிமிட்ட
கிட்டார் மட்டும் எப்படியோ கேட்டது.
"இதையே பேரா வச்சிருவோம்ல" என்றான்
டிரம் அடித்த பீட்டர் கனி.
ஒத்த பேஸ்.
மாப்பிள்ளை வீட்டார் கேட்ட சினிமாப் பாட்டு
ஒன்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

ரூபஸ் சர்ச்சில் கிட்டார் பிடித்தவன்.
அங்கே மூன்று கார்டு போதும்.
"நாலாவதத் தேடித்தான் வெளிய வந்தேன் வே"
என்பான், கேட்காமலேயே.

தச்சநல்லூர்க் கொடையில், நடுராத்திரி தாண்டி,
சொந்தப் பாட்டைத் தொடங்கினான்.
கடைசி டவுன் பஸ்ஸை விட்ட ஒருவன்
ஜங்ஷனிலிருந்து பாளைக்கு நடக்கிற பாட்டு.
பல்லவி கிடையாது.
நடக்கிறான், நடக்கிறான், நாய் குரைக்கிறது, நடக்கிறான்.
கமிட்டிக்காரர் என் காதில் வந்து
"சவத்த ஆஃப் பண்ணும் வே" என்றார்.
கை ஸ்விட்ச் வரை போய் அங்கேயே நின்றது.
பாலத்தையாவது தாண்டட்டும் என்று நினைத்தேன்.
தாண்டினான்.
அணைத்துவிட்டேன்.

குலவணிகர்புரத்தில்
ரெயில்வே கேட்டுக்கு நாலு வீடு தள்ளி
சன்னலில் மெத்தையைச் சாத்தி மூன்று நாள் பதிந்தார்கள்.
மிக்ஸர் என்னுடையது, வாடகை சொல்லவில்லை.
ஒவ்வொரு தடவையும் நாகர்கோவில் வண்டிக்கு மணி அடித்தது.
நான் நிறுத்தப் போனேன்.
"விடும், அதுவும் வாசிக்கட்டும்."
அட்டையின் பின்பக்கம்
என் பேருக்குக் கீழே அச்சடித்திருந்தான்:
மணி, தென்னக ரெயில்வே.

இருநூறு சி.டி.யில் நாற்பது போனது.
மிச்சத்தில் கொஞ்சத்தை அவன் அம்மா
கொய்யா மரத்தில் கட்டித் தொங்கவிட்டாள்.
கிளிகள் வரவில்லை.
அந்த ஆல்பத்தின் முதல் விமர்சனம் என்று
அவனே சொல்லிச் சிரித்தான்.

பீட்டர் கனி சார்ஜாவுக்குப் போனான்.
பேஸ் வாசித்த சுடலைக்கண்ணு ஈ.பி.யில் சேர்ந்து
இப்போது மூன்று பேஸையும் பார்த்துக்கொள்கிறான்.
ரூபஸ் சென்னையில் ஏழு வருசம்.
ஒரு ஷாம்பு விளம்பரத்தில் எட்டு நொடி வருகிறது அவன் விரல்,
முகம் வராது.
பிறகு தனியாளாக பெங்களூர், ஷில்லாங்.
"தமிழ் தெரியாதவன்லாம்
கண்ண மூடிக்கிட்டு நிக்கான் வே,
பாளைக்கு எங்கூட நடக்கான்" என்றான் போனில்.
பின்னால் யாரோ தட்டுக் கழுவும் சத்தம்.

இப்போது பணகுடிப் பக்கம் வீடு.
ஆடிக் காற்றில் காற்றாலைகள் முனகுவது
அவன் சுருதிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறதாம்.
காற்றை ஏற்ற முடியுமா?
ஆறு கம்பியையும் தளர்த்திக்கொண்டான்.
ரெண்டாவது ஆல்பம் முழுக்க அப்படித்தான்,
ஒரே தொளதொளப்பு.
எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லியும்விட்டேன்.

போன மாதம் போனில் முந்நூற்றைம்பது அனுப்பினான்.
அப்படியே திருப்பிவிட்டேன்.
பாலத்துக்கு இந்தப் பக்கம்
மிச்சப் பாட்டு என் பாக்கி.

நேற்று ஒரு துஷ்டி வீட்டுக்கு
லோடு ஆட்டோவில் பாக்ஸ் ஏற்றிப் போனேன்.
குலவணிகர்புரம் கேட் மூடிக் கிடந்தது.
முன்னால் நின்ற பைக்கில் ஒரு பையன்
போனைச் சத்தமாக வைத்திருந்தான்.
நடக்கிறான், நடக்கிறான், நாய்,
பிறகு மணி,
தடதடவென்று வண்டி கடந்து போகிறது,
கேட் கிறீச்சிட்டு ஏறுகிறது.
சுற்றிலும் பத்துப் பதினைந்து பைக் உறுமின.
ஒரு மினி பஸ் கியர் போட்டுவிட்டது.
கேட் கீப்பர் எட்டிப் பார்த்து
"எவம்ல அது?" என்று கத்தினார்.

கேட் மூடியேதான் இருந்தது.
தண்டவாளத்தில் ஒரு ஆடு.

"யாரு பாட்டு தம்பி?"
"தெரியல அண்ணாச்சி. பழைய செட்டு.
நம்ம ஊர்க்காரனாம்."
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் நிஜ வண்டி வந்துவிட்டது.