எட்டாவது அட்டை

விற்ற அன்று அர்த்தநாரி சொன்னது பொய் இல்லை.
"எஞ்சின் கல்லாட்டங்க.
தண்ணி மட்டும் சித்தப் பார்த்துக்கோணும்."
எழுபத்தாறு மாடல் பியட்.
பெருந்துறை ரோட்டில் ஏழு கிலோமீட்டர் ஓடி
திண்டல் மேடு ஏறுகையில்
முள் சிவப்புக்குப் போனது.

சூட்டில் மூடியைத் திறக்கக் கூடாது.
தெரியும்.
திறந்தேன்.
இடது முன்கையில் புளிய இலை நீளத்துக்கு
இன்னும் இருக்கிறது அந்த மதியம்.

கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்து
ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தேன்.
வந்தது தண்ணி இல்லை,
மஞ்சள்.
ஒழுகினால் ஈரோட்டு மண்டிக்காரர்
வேறென்ன போடுவார்?
ஒரு கை பொடி. ஓட்டை அடையும், ஊர் வந்துவிடும்.
அடுத்த ஒழுக்குக்கு அடுத்த கை.
எத்தனை வருசத்துக் கைகளோ
அடித்தொட்டியில் சேறாய்க் கிடந்தன.

சாக்கடை வரைக்கும் மஞ்சள் ஓடுவதைப் பார்த்து
மதிலுக்கு மேல் தலை நீட்டினாள் சாரதாமணி.
"யாருக்குங் சீரு? சொல்லவே இல்ல?"
"இவளுக்குத்தான். நாப்பத்தெட்டு வயசாச்சே" என்றேன்.
ரெண்டு பேரும் சிரித்தோம்.
அது சிரித்த காலம்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் ரெண்டு குழாய்.
உப்புத் தண்ணி நினைத்தபோது,
நல்ல தண்ணி அஞ்சு நாளைக்கு ஒருதரம்.
எஞ்சினுக்கு எது ஊற்றப்பட்டது என்பதைத்
தெர்மோஸ்டாட்டே சொன்னது:
இட்லிக் குண்டானின் அடியில் படியுமே,
அந்த வெள்ளை, விரல் தடிமனுக்கு.

கழுவி, சுரண்டி, மறுபடி கழுவி
பேட்டரித் தண்ணியும் பச்சைக் கூலண்டும்
பாதிக்குப் பாதி ஊற்றினேன்.
அடைத்திருந்த மஞ்சள் போனதும்
ஒவ்வொரு ஓட்டையும் பேச ஆரம்பித்தது.

பனியன் கம்பெனி அட்டைப் பெட்டியைப் பிரித்து
ராத்திரி அடியில் விரிப்பேன்.
மூலையில் தேதி. முன்பக்கம் எதுவென்று ஒரு அம்பு.

முதல் அட்டை மேல் ஹோஸைக் காட்டியது. கிளிப் தளர்வு.
இரண்டாவது கீழ் ஹோஸை.
கழற்றும்போது ரப்பர் முறுக்காய் நொறுங்கியது.
மூன்றும் நாலும் வாட்டர் பம்ப்;
அதன் அடியில் ஒரு சின்னத் துளை, அதிலிருந்து சொட்டு.
எம்-சீல் பிசைந்துகொண்டே
மூலப்பட்டறை ஹனீபாவுக்குப் போன் போட்டேன்.
"அய்யோ, அடைச்சுப்போடாதீங்க!
அது ஒழுகறதுக்குன்னே வெச்ச ஓட்டைங்க.
உள்ள சீல் போச்சுன்னு அதுதான் சொல்லும்.
வாயை மூடுனீங்கன்னா
தண்ணி பேரிங்குக்குப் போயிரும்."
பிசைந்த எம்-சீலை என்ன செய்ய?
குளியலறைக் குழாய்க்கு வைத்தேன்.

அஞ்சாவது அட்டை சுத்தம்.
ஊரெல்லாம் சொன்னேன்.

ஆறாவதன் மேல் விடிகாலையில்
ஜிம்மி நின்றிருந்தான்,
சாரதாமணி வீட்டு ஜிம்மி,
நாக்கு பச்சையாக.
கூலண்ட் இனிக்கும்.
நாய்க்குத் தெரிவது அது மட்டும்தான்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர்
"இதுக்கு மருந்து சாராயந்தானுங்க" என்று
காலில் டிரிப் ஏற்றினார்.
மூன்று நாள், தள்ளாடித் தள்ளாடி, பிழைத்தான்.
பில்லை நான் கட்டினேன்.
சாரதாமணி தடுக்கவில்லை. பேசவும் இல்லை.
மதிலுக்கு மேல் தலை வரவில்லை.

ஏழாவது அட்டையைச் சுற்றி
கோழி வலை அடித்தேன்.
பழைய ரேடியேட்டர் மூடி ஒன்றில்
சைக்கிள் டியூப் வால்வைப் பற்றவைத்து
ராத்திரி பதினொன்றுக்கு, தெரு அடங்கியபின்,
கைப்பம்பால் காற்றடித்து
பானெட்டுக்குள் காதை வைத்தேன்.
பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றது.
பஸ் ஒன்று போனது.
பிறகு கேட்டது,
பல்லிடுக்கில் மூச்சு இழுக்கிற மாதிரி.

எக்ஸாஸ்டுக்குப் பின்னால் கோர் பிளக்.
ஓடும்போது சூட்டில் காய்ந்துவிடும்,
ஆறியபின் யாருக்கும் தெரியாமல் சொட்டும்.
ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன்,
நமுத்த அப்பளம் போல உள்ளே போனது.
அதைக் குறட்டால் பிடித்து இழுக்க ஒன்றரை மணி நேரம்,
பித்தளையில் புதுசு அடித்துப் பூட்ட நாலு நிமிசம்.

எட்டாவது அட்டை.
காலையில் கேட்டருகே சாரதாமணி,
கையில் சங்கிலி, சங்கிலியில் ஜிம்மி.
"காஞ்சிருக்குதுங்களா?"
பத்து நாளில் முதல் பேச்சு.
"நீங்களே பாருங்க."

கோழி வலையை விலக்கி
சேலையைச் செருகி மண்டியிட்டு
செல்போன் வெளிச்சத்தில் அட்டை முழுவதும் தேடினாள்.
விரலால் தடவி மோந்து பார்த்தாள்.
அவள் தலை அடியில் இருக்கும்போதே
ஜிம்மி காலைத் தூக்கினான்.

பேனா எடுத்து எழுதி வைத்தேன்:
முன் இடது டயர். ஒரு ஒழுக்கு.
நிறம் மஞ்சள்.