கலங்கல்

லிங்காரெட்டிப்பாளையம் தாண்டி
கரும்பு லாரி திரும்புகிற செம்மண் பாதையில் ஒன்றரை கிலோமீட்டர்.
எங்கள் பதிவேட்டில் இதற்குப் பத்தி கிடையாது.
ஏரி என்று எழுத முடியாது.
குட்டை என்றால் அவருக்குக் கோபம் வரும்.
"அணை" என்றார் சவரிராயலு,
"பட்டாளத்து பென்ஷனில் கட்டியது, மதாம்."

பதினாலடி உயரம், ஓடைக்குக் குறுக்கே எழுபது தப்படி.
உள்ளே நான்கு வாத்துப் படகுகள்,
ஒன்றின் கழுத்தில் எம்-சீல் கட்டு.
பெரியவர்க்கு நூறு, பிள்ளைக்கு ஐம்பது.
ஞாயிறு தவறாமல் முத்தியால்பேட்டையிலிருந்து வேன் வருமாம்.

எந்த மண்கரையும் கசியும், அது குற்றமில்லை.
கசிகிற தண்ணீர் கூடவே எதை எடுத்துப்போகிறது,
அதைப் பார்க்கத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள்.

நண்டு வளை எண்ணினேன், பத்தொன்பது.
கரை உச்சியில் நிழலுக்கு ஒரு வாகை.
"வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் அல்லவா?"
"பிடிக்கும். செத்தால் குழாயாகும்."
மரத்தைத் தொட்டுப் பார்த்தார், பதில் இல்லை.

கரையடியில் சேலை விரித்த அகலத்துக்கு ஈரம்,
நடுவே விரல் தடிமனில் ஊற்று.
ஐப்பசி இன்னும் பாதிகூட ஆகவில்லை.

பாட்டிலை ஜீப்பில் வைக்க மறந்திருந்தேன்.
கண்ணாடிக் குவளை கொண்டுவந்தார்,
தனக்கும் ஒன்று.
சிமெண்ட் மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.
அவருடையதில் இரண்டு விரல் பஸ்திஸ், தெளிந்த மஞ்சள்;
தண்ணீர் விட்டதும் பாலாய்த் திரண்டது.
"தூலோனில் பழகியது. இது கலங்கினால்தான் சரி."
என்னுடையது கலங்கியே வந்திருந்தது.

காத்திருந்தோம்.
அடுத்தவர் ஏரிகளைச் சுற்றித் துப்பாக்கியோடு
பதினைந்து வருஷம் நடந்தாராம்.
தன் படகில் ஏறியதில்லையா என்றேன்.
நீச்சல் தெரியாது என்றார்.

இருபது நிமிடத்தில்
குவளையடியில் நகக்கனம் சிவப்பு.
"அது என் அணையா?"
"இன்றைக்குக் கிளம்பிய பங்கு."

ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் விழா,
இருபத்தாறு பிள்ளைகள், முன்பணம் வாங்கியாயிற்று என்றார்.
நோட்டீஸ் கொடுக்க என்னிடம் படிவம் இல்லை.
நான்கடி இறக்குங்கள் என்றேன், வாயால்.

மற்றது அஞ்சலாட்சி சொல்லக் கேட்டது.
இரவு பதினொரு மணிக்கு டங் டங்கென்று சத்தம்,
துருவேறிய மதகுத் திருகைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தாராம்.
கீழே கனகாம்பரம் போட்டிருப்பவள்,
டார்ச்சோடு ஏறிவந்து கத்தியிருக்கிறாள்:
"சித்திரையில நடையா நடந்தேன், ஒரு பாத்திக்குத் தரல.
இப்ப யாரு கேட்டா?"
கத்தி முடித்து, முந்தானையைச் செருகி
ஸ்பேனரின் மறுமுனையைப் பிடித்தாளாம்.
"பூவு போனா போவுது, வீடும் அங்கதான சார் இருக்குது"
என்றிருக்கிறாள்.
மூன்று பாத்தி அழுகிப்போனது.
பணம் தந்தாரா என்று கேட்டேன்.
பாதி, என்றாள்.

ஞாயிறு, எனக்கு விடுமுறை, ஆனாலும் போனேன்.
படகுத்துறையில் வாத்துகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.
இருபத்தாறு பிள்ளைகளும் தலைவரை செம்மண்.
சீட்டுக்கு யார் பதில் சொல்வது என்று வேன்காரர்
கேக் தின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.
ஊற்று மெலிந்து நூலாகியிருந்தது.
வாகையை வெட்டியிருக்கவில்லை.

கட்டுப் போட்ட வாத்துக்குள்
பெடலில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார் சவரிராயலு.
"இங்கே எவ்வளவு ஆழம், மதாம்?"
"கணுக்கால்" என்றேன்.
செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
ஒரு காலைக் கீழே இறக்கினார்.