கறுப்பை அனுப்ப முடியாது

ஸ்காபரோவில், டயர்க்கடைக்குப் பின்னால், வாடகை மண்டபம்.
காலையில் வருமானவரி வகுப்பு,
இரவில் கிரிக்கெட்,
நடுவில் யாருக்காவது முப்பத்தோராம் நாள்.
எல்லாவற்றுக்கும் ஒரே புரொஜெக்டர்.
அதைப் பார்த்துக்கொள்ள எனக்குச் சம்பளம்,
தேத்தண்ணி இலவசம்.

மூடியைக் கழற்றிக் காட்டினால் நம்பமாட்டீர்கள்.
பெருவிரல் நகமளவு ஒரு சில்லு,
அதன்மேல் பத்து லட்சம் கண்ணாடிகள்.
ஒரு தலைமயிரின் அகலத்துக்குள்
ஐந்தாறு நெருக்கியடித்து நிற்கும்.
விளக்கு எரிந்தபடியே இருக்கும்.
கண்ணாடி இந்தப் பக்கம் சாய்ந்தால் ஒளி லென்சுக்கு,
அந்தப் பக்கம் சாய்ந்தால்
உள்ளேயே ஒரு கரிய தகட்டில் விழுந்து
வெறும் சூடாகிப் போகும்.
நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை
ஆம் இல்லை ஆம் ஆம் இல்லை.
சாம்பல் நிறம் என்பது
பாதி நேரம் ஆம் என்றதன் நிறம்.

சிவப்பு, பச்சை, நீலம்
ஒரு சக்கரத்தில் முறைவைத்து வரும்,
ஒருபோதும் சேர்ந்து வராது.
சேர்ப்பது உங்கள் கண்.
இதை முதலாளி மகேந்திரத்துக்கு விளக்கினேன்.
"லாம்பு இன்னும் எத்தினை மாசம் ஓடும்?" என்றார்.

பெப்ரவரி, ஞாயிறு, பகல் ஒரு மணி.
இறந்தவர் குணநாயகம்.
இருபத்திரண்டு குளிர்காலம்
நகரத்தின் தெருக்களில் பனி வழித்தவர், இரவுவேலை.
மகள் சாம்பவி கொண்டுவந்த படங்களில்
அவர் முகம் மூன்றில்தான்.
மிச்சமெல்லாம் வண்டிக்குள்ளிருந்து அவர் எடுத்தவை:
விடிகாலை மூன்று மணி நெடுஞ்சாலை,
ஒருவருமில்லாத பல்கடைத் தரிப்பிடம்,
உப்பின்மேல் சுழலும் நீல விளக்கு.

மண்டபத்துத் திரைச்சீலைகள்
ஒரு கலியாணத்துக்குப்பின் சலவைக்குப் போய் வரவேயில்லை.
ஆறு யன்னல். வெளியே வெயிலில் பனி.
சுவரில் விழுந்த இரவு
தண்ணீர் விட்ட பால்மாதிரி இருந்தது.

"அப்பான்ர இரவு இப்பிடி இல்லை," என்றாள் சாம்பவி.
"கறுப்பைக் கொஞ்சம் கூட்டுங்கோ."

எல்லாப் பொத்தானும் அமத்திப் பார்த்தேன்.
பிறகு உண்மையைச் சொன்னேன்:
கறுப்பை அனுப்ப முடியாது, தங்கச்சி.
இது ஒளியை மட்டும்தான் எறியும்.
எறியாத இடத்தில்
உங்கட சுவர் எவ்வளவு இருட்டோ
அவ்வளவுதான் கறுப்பு.

பின்வரிசையில் அவரோடு வேலைசெய்த டெர்ரி.
தமிழ் தெரியாது.
பக்கத்திலிருந்தவர் காதுக்குள் மொழிபெயர்த்தார்.
டெர்ரி எழும்பிப்போய்த்
தன் மஞ்சள்பட்டி ஜக்கெற்றை எடுத்துக் கதிரையில் ஏறி
யன்னல் சட்டத்துக்குள் திணித்தார்.

அதற்குப்பின் யாரும் யாருக்கும் சொல்லவில்லை.
நீளக் கம்பளிக்கோட்டுகள், முயல்காதுவைத்த ஒரு குழந்தையுடுப்பு,
யாரோ ஒரு மாமியின் சால்வை, ஒட்ட என் டேப்.
கடைசி யன்னலில் ஒன்றும் நிற்கவில்லை.
சம்பந்தி வீட்டுப் பெடியன்கள் இரண்டுபேர்
கோட்டுகளைக் கையில் விரித்துப் பிடித்தபடி
படத்துக்கு முதுகுகாட்டி நின்றார்கள்,
பதினொரு நிமிடம்.

இரவு வந்தது.
சாலை நீளமானது. நீல விளக்குச் சுழன்றது.
வலப்பக்கம் மேலே ஒரு வெள்ளைப்புள்ளி,
எல்லாப் படத்திலும் அதே இடத்தில்.
"அது என்ன வெள்ளி?" என்றது ஒரு பிள்ளை.
சாயமாட்டேன் என்று இறுகிப்போன
ஒரு கண்ணாடி என்றேன்.
பிள்ளை என்னைவிட்டுத் தாயிடம் கேட்டது.

இரவு கிரிக்கெட்டில் அந்தப் புள்ளியைப்
பந்தென்று நினைத்துச் சிலர் கத்துவார்கள்.
சில்லை மாற்றப் புதுசு வாங்கலாம், அவ்வளவு விலை.

படம் முடிந்து அணைத்தேன்.
அணைத்த பிறகும் விசிறி இரண்டு நிமிடம் ஓடும்,
உள்ளே சூடு இறங்கவேண்டும்.
பிளக்கைப் பிடுங்கவேண்டாம் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.
பெடியன்களின் கைகள் நடுங்குவது தெரிந்தது.
இன்னும் இறக்கவில்லை.