வேறொரு கூரை

மூன்று பிரதிகள் வேண்டும் என்பான் இல்மார்ஸ்.
கணினியில் ஒன்று, மேசையில் ஒன்று,
மூன்றாவது வேறொரு கூரையின் கீழ்.
விவாகரத்துக்குப் பிறகு
ரீகா நகரில் அவனுக்குத் தெரிந்த வேறொரு கூரை
என்னுடையதுதான்.

மாதத்தின் முதல் ஞாயிறு
தௌகவா ஆற்றைத் தாண்டிவரும் பத்தரை மணி டிராம்.
காலணியைக் கழற்ற மாட்டான்.
மிதியடியில் நின்றபடியே
சிவப்புப் பொட்டு ஒட்டிய வன்தட்டைக் கொடுத்து
நீலப் பொட்டை வாங்கிக்கொள்வான்.

என் கம்பளிக் காலுறைகளுக்கு அடியில்
பதினான்கு பேக்கரிகளின் வரவு செலவு தூங்கும்.
ரை மாவு இத்தனை மூட்டை,
அடுப்பு பழுது, யாரோ திருப்பித் தராத கடன்.
நான் திறந்து பார்த்ததில்லை.
சரி, ஒருமுறை பார்த்தேன்.
கடவுச்சொல் கேட்டது.
செத்துப்போன எங்கள் நாயின் பெயரைப் போட்டேன்.
அது இல்லை.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை வந்தான்.
புதன்கிழமையில் அவனைப் பார்த்து ஆறு வருடம்.
மேல்வீட்டுக் குழாய் வெடித்து
கணினியும் மேசைப் பிரதியும் ஒரே தண்ணீரில்.
"இரண்டையும் பக்கத்தில் பக்கத்திலா வைத்தாய்?"
பதில் சொல்லாமல்
காலணியைக் கழற்றினான்.

என் மடிக்கணினியில் செருகினோம்.
கடவுச்சொல்லை அவன் அடிக்கையில்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
பதினோரு தட்டல்.
வட்டு ஒருமுறை இருமிவிட்டுச் சுழன்றது.
கோப்புறைகள் ஒவ்வொன்றாய் ஏறி வந்தன,
டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி ஒன்றாம் தேதி.
அதற்குப் பின்னான இருபத்து நான்கு நாள்கள்
எங்கேயும் இல்லை.

பிளாஸ்டிக் பை நிறைய
நனைந்த ரசீதுகள் கொண்டுவந்திருந்தான்.
கணப்புக்கு மேலே கயிறு கட்டி
துணிக்கவ்வி மாட்டித் தொங்கவிட்டேன்,
உள்ளாடைகளின் இடத்தில் பேக்கரிகள்.
மை கரைந்த எண்களை அவன் வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க
நான் தட்டினேன்.
"மூன்றா, எட்டா?"
"வெல்டாவின் கடையில் எட்டு மூட்டைக்கு ஏது இடம்? மூன்று."
விடியும்வரை வீடெங்கும்
ஈரக் காகிதமும் புளித்த மாவும் மணத்தது.
பதினேழாம் தேதி மட்டும்
கடைசிவரை கிடைக்கவில்லை.

மார்ச்சில் புது வன்தட்டோடு வந்தான். பச்சைப் பொட்டு.
மாதம் ஒருமுறை என்பது
ஆபத்தான இடைவெளியாம்.
வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாமா என்று
மிதியடியிடம் கேட்டான்.
காலுறைகளை ஓரமாய்த் தள்ளி
இழுப்பறையில் இடம் செய்தேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்,
என்றேன்.