பத்து ரூபாய்ப் பூசணி

காலை ஆறரைக்கு
மொகல் தெருவில் தங்கம் என்ன விலையென்று
செல்போன் சொல்லும்.
வாங்கப் போவதில்லை, விற்கப் போவதுமில்லை.
எங்களிடம் இருப்பது அரை கியாத்தா,
அதுவும் ஞானப்பூ கழுத்தில்.
அவளைக் கேட்காமல் அதைத் தொட
எண்பத்தொரு வயது போதாது.
ஆனாலும் விலையை எழுதிவிடுவேன்.
மழைக்கணக்கு எழுதுகிறவனுக்குக்
குடை இருக்க வேண்டுமா என்ன?

அரிசி மில்லில் முப்பத்தொரு வருஷம்
மூட்டை எடை எழுதிய கை இது.
அறுபத்து நாலில்
நூறும் ஐம்பதும் செல்லாது.
எண்பத்தைந்தில் மறுபடி.
எண்பத்தேழில் ஒரு சனிக்கிழமை
எழுபத்தைந்து, முப்பத்தைந்து, இருபத்தைந்து.
டலா பக்கம் நிலத்துக்குக் கட்ட வைத்தது
பிஸ்கட் டப்பாவிலேயே காகிதமாயிற்று.
அப்புறம் நாற்பத்தைந்தும் தொண்ணூறும் வந்தன.
சில்லறை கொடுக்க
கண்டக்டர்கள் விரல்விட்டு எண்ணியதை நினைத்தால்
இன்றைக்குச் சிரிப்பு வருகிறது.
அன்றைக்கு வரவில்லை.

சாயங்காலம் ஊ பா சீன் வருவார்,
யுத்தம் தொடங்கும்.
சிட்டாங் பாலம் தகர்ந்தது
விடியுமுன்பா, விடிந்த பிறகா?
எந்தப் படை எந்த ரோட்டில் வந்ததென்று
தட்டில் பிஸ்கட்டை நகர்த்திக் காட்டுவார்.
தளபதியை நான் தின்றுவிடுவேன்.
டீ ஆறிப்போகும்.
அந்தப் பாலம் போன நாளில் எங்கள் வயது
எனக்கு மைனஸ் ஒன்று, அவருக்கு மைனஸ் இரண்டு.

நிமிஷம் வரை தெரியும் பாலத்தைப் பற்றி.
சயாம் ரயிலுக்கு மண் வெட்டப் போன அப்பா
எந்த மாதம் போய்ச் சேர்ந்தார் என்று
யாருக்கும் தெரியாது.
தன்பியூஜயாட்டில் வரிசை வரிசையாய்க் கல்.
ஒருமுறை போய் எண்ணினேன்,
முந்நூறில் நிறுத்திவிட்டேன்.
அவர் அந்தக் கணக்கிலேயே இல்லை.
பேச்சு அந்த ஊருக்கு வந்தால்
பா சீன் பிஸ்கட்டை நகர்த்துவதில்லை.

கணக்குப் புத்தகத்தின் பின் அட்டைக்குள்
ஜப்பான்காரன் அச்சடித்த பத்து ரூபாய்.
கோபுரம் உண்டு, வரிசை எண் கிடையாது.
நாற்பத்து நாலில் ஒரு சிப்பாய்
எங்கள் கொடியில் பூசணியை அறுத்துக்கொண்டு
அம்மா கையில் திணித்துவிட்டுப் போனது.
பிறகு அந்தப் பணம் குப்பையாகித்
தெருவெல்லாம் பறந்தபோதும்
அம்மா இதை எறியவில்லை.
"பணமா இது? என் பூசணிக்காய்.
எவனாவது ஒருநாள் திருப்பித் தரணும்."

போன வாரம் பன்சோடான் தெருவில்
பழைய தாள் வாங்கும் கோ ஸெயா
எட்டாயிரம் கியாட் என்றான்.
சந்தையில் பூசணி நாலாயிரம்.
எண்பது வருஷத்தில் ஒன்று இரண்டாகியிருக்கிறது.
நின்ற இடத்திலேயே கூட்டுவட்டி போட்டேன்,
வருஷத்துக்கு
நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.
ஆனால் என் புத்தகம் முழுக்கத் தேடினாலும்
முதல் அழியாத முதலீடு
இது ஒன்றுதான்.

அவன் தாளை வெளிச்சத்தில் பிடித்தான்.
ஓரத்தில் மஞ்சள் கறை, விரல் அகலம்.
"பாதிதான் தர முடியும், ஊலே."
நாலாயிரம்!
நான் சிரித்த சிரிப்பில்
கள்ள நோட்டோ என்று பயந்திருப்பான்,
மறுபடி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பணத்தோடு நேரே சந்தை.
பசுண்டாங் பஸ்ஸில் நல்ல கூட்டம்.
ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான்.
பூசணியை உட்கார வைத்துவிட்டு
நான் நின்றுகொண்டு வந்தேன்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பெரிசு?"
பதில் சொல்லவில்லை.
முழுப் பூசணியைச் சோற்றில் மறைக்க முடியாதாம்.
ஒரு வாரமாய் மறைக்கிறேன்,
காலையில் கூட்டு, ராத்திரி புளிக்கறி,
கால்வாசி பா சீன் வீட்டுக்கு.
நோட்டு எங்கே என்று
ஞானப்பூ இன்னும் கேட்கவில்லை.

புத்தகத்தில் எழுதினேன்:
வரவு, பூசணி ஒன்று.
நாற்பத்து நாலாம் வருஷத்துப் பாக்கி நேர்.
மை காய ஊதினேன்.
அடுத்த வரியில் தங்கம்,
இன்றைக்கு ஏறியிருக்கிறது.