எழுபத்தோராம் பக்கத்து வாய்

தருமபுரியில் முதல் காட்சிக்கு
நாங்கள் பதினொரு பேர்.
பென்னாகரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த தீர்த்தகிரி,
பாலக்கோட்டுத் தக்காளி மண்டியை
மச்சானிடம் விட்டுவிட்டு வந்த அஸ்லம்,
வீட்டில் பரீட்சை என்று சொல்லிவந்த சுகந்தப்பிரியா.
மற்றவர்களைப் பிறகு சொல்கிறேன்,
சொல்லாமலும் போகலாம்.

எங்களிடம் 'தாகவரி' மொத்தம் நான்கு பிரதி.
தொண்ணூற்றாறு பக்கம், கறுப்பு வெள்ளை,
எடைக்குப் போட்ட கட்டிலிருந்து உருவியது.
அட்டை இல்லாத பிரதிதான் அதிகம் கைமாறியது.

கதை சின்னது.
ஓர் ஊரில் அரசாங்கம் தாகத்துக்கு வரி போடுகிறது.
நாக்கை நீட்டச் சொல்லி அளக்கிறார்கள்,
காய்ந்திருந்தால் ரசீது.
தண்ணி லாரி ஓட்டுகிற செங்கா
மந்திரி போகிற பாதையில் லாரியைக் குறுக்கே நிறுத்திச்
சாவியை விழுங்கிவிடுகிறாள்.
அவ்வளவுதான்.

ஆனால் அதில் வரும் சனங்களின் பல்லில்
கோடு இருந்தது.
குறுக்கே, மெல்லிசாக, மூன்று மூன்றாக.
எங்கள் போர் தண்ணீர்
எங்கள் பல்லில் போடுகிற அதே கோடு.
'நம்மூர்க்காரன்டா வரைஞ்சது' என்றான் தீர்த்தகிரி.
'அச்சுக் கோளாறு' என்றான் அஸ்லம்.
இரண்டு வருடச் சண்டை.
லென்ஸ் வாங்கியும் தீரவில்லை.
நான்கு பிரதியிலும் கோடு இருக்கே என்றால்
நாலும் ஒரே மிஷின்தானே என்பான்.

விளக்கு அணைந்தது.
லாரி வந்தது, அதே நசுங்கிய பம்பர்.
தீர்த்தகிரி சீட்டின்மேல் ஏறிவிட்டான்,
பின்னால் இருந்தவர் சட்டையைப் பிடித்து இறக்கினார்.
அப்புறம் சனம் வந்தது,
வரிசையாக நின்று வாயைத் திறந்தது.
அத்தனை பேருக்கும் பல்
புதுப் பீங்கான் தட்டு மாதிரி.
அஸ்லம் என்னைப் பார்க்கவில்லை.
சுகந்தப்பிரியா சிரித்தாள்,
எப்போதும்போல வாயைக் கையால் மூடிக்கொண்டு.

நடுவில் ஒரு டூயட். அதை விடுங்கள்.

எழுபத்தோராம் பக்கம் வரும் நேரம்
எங்களுக்குத் தெரியும்.
சாவி எங்கே என்று மந்திரி கேட்பார்.
புத்தகத்தில் பக்கம் முழுக்கச் செங்காவின் வாய்,
பக்கத்தில் குமிழ், குமிழில் அந்த ஒரு வரி.
திரையில் வாய் திறந்தது,
உதடு அசைந்தது,
சத்தம் இல்லை.
'சென்சார்ல வெட்டிட்டானுங்க'
இருட்டில் யாரோ.

முதலில் கத்தியது நானாகக்கூட இருக்கலாம்.
பதினொரு பேரும் கத்தினோம்,
அவள் உதட்டுக்குக் கொஞ்சம் பிந்தி.
முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார்.
இன்னொருவர் 'உக்காருங்கடா' என்றார்.
உட்காரவில்லை.

நாலு ரோட்டில் டீ.
கை நடுக்கம் அடங்காமல்
இன்னொரு முறை அந்த வரியைச் சொல்லிப் பார்த்தோம்.
'வயித்துல கிடக்கு, அதுக்கும் ரசீது போடு'
இது நான்.
'நாக்கை அளந்தியே, குடலையும் அள'
இது தீர்த்தகிரி.
அஸ்லத்துடையது வேறு.
சுகந்தப்பிரியாவுடையது இங்கே எழுத முடியாது.
பதினொரு பேர், ஏழு வரி.

பையிலிருந்து அட்டையில்லாத பிரதியை எடுத்து
டீ மாஸ்டரின் பல்புக்குக் கீழே விரித்தோம்.
எழுபத்தொன்று.
வாய்.
குமிழ்.
குமிழுக்குள் ஒன்றுமில்லை.
மற்ற மூன்றையும் பிரித்தோம்.
மூன்றிலும் காகிதத்தின் நிறம் மட்டும்.

'அச்சு விழலடா' என்றான் தீர்த்தகிரி,
குரல் உடைந்து.
'இல்ல' என்றான் அஸ்லம்,
'வரைஞ்சவன் விட்டதுடா அது. வேணும்னே விட்டது.'

கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருந்தது.
சுகந்தப்பிரியா தண்ணீர் கேட்டாள்.
டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே
மாஸ்டர் கேட்டார்:
'கேன் தண்ணியா, போர் தண்ணியா?
கேனுன்னா டம்ளர் ரெண்டு ரூபா.
போர் தண்ணி சும்மா.'