நீலப் படங்கு

தொண்ணூற்று நாலு வீதம் சரி.
பசறையில் வாடகைக்கு எடுத்த மேல்மாடி அறையில்
நிமேஷ் கைதட்டினான்.
வெளியே மழை, வழக்கம்போல்
யாரையும் கேட்காமல்.

மூவாயிரத்துச் சொச்சம் மலைப் படங்கள்.
இது சரியும், இது நிற்கும் என்று
நானே பெயரிட்டவை.
பெயரிடும்போது நான் தேடியது
வெடிப்பு, சாய்ந்த சவுக்கு,
போன வருசம் இல்லாத இடத்தில்
இந்த வருசம் கசியும் ஊற்று.

வலையமைப்பு எதைப் பார்த்ததென்று
வெப்பப் படம் போட்டேன்.
மலை முழுக்கக் கறுப்பு.
ஒரு மூலையில் மட்டும்
அடுப்புத் தணல் மாதிரிச் சிவப்பு,
நீலப் படங்கின் மேல்.

மண் சரிந்த பிறகுதானே படம் எடுக்கப் போனோம்.
சரிந்த பிறகுதானே படங்கும் வரும்.
மலையைப் படிக்க ஆயிரம் வளைவு வேணும்,
நீலத்துக்கு ஒரு கோடு போதும்.

திட்ட மனம் வரவில்லை.
ஏன் பள்ளத்துக்கு ஓடுகிறாய் என்று
தண்ணீரிடம் கேட்பதா?
பிழை குறைய எத்தனையோ வழி இருந்தும்
நெளிவு குறைந்த வழியில்தான் அது முதலில் இறங்குகிறது.
அந்தச் சோம்பல் மட்டும் இல்லையென்றால்
லென்சில் ஒட்டிய துளியையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு
புது மலையைக் கண்டதும் திருதிருவென விழிக்கும்.
பனி மூடிய படத்தில்
சில நேரம் அது சரியாகச் சொன்னதும்
அதே சோம்பலால்தான்.

ஆனால் கீழ்ப்பிரிவு எட்டாம் லயத்தில்
தவமலர் அக்காவின் குசினிக் கூரை ஒழுகுகிறது,
அவ்வளவுதான்.
அவர் கட்டிய படங்கைக் கண்டு
பேராபத்து என்றது.
மேல்பிரிவில் பீலிக்குப் பின்னால்
என் கை நுழையும் அளவுக்கு
மண் வாய் பிளந்திருக்கிறது.
படங்கு இல்லை.
பாதுகாப்பு என்றது, தொண்ணூற்றேழு வீத நிச்சயத்தோடு.

பிறகு ஒரு மாசம்
சரியாத இடங்களின் நீலம் தேடி அலைந்தேன்.
கல்யாணப் பந்தல், கோயில் தேரை மூடியது,
கொழுந்து நிறுக்கும் கொட்டில்,
பழுதாகி நிற்கும் ஆட்டோ.
சரிந்த இடங்களின் நீலத்தைச்
சாம்பல் சதுரத்தால் மறைத்தேன்.
திரும்பப் பழக்கினோம்.

எழுபத்தொன்று.
நிமேஷ் கைதட்டவில்லை.
பணம் தந்தவர்கள் தொண்ணூற்று நாலைத்தான் கேட்டார்கள்.
ஆனால் பீலிக்குப் பின்னால், முதல் தடவையாக,
மங்கலாய் ஒரு சிவப்பு.

அதைக் காட்டத்தான் மேல்பிரிவுக்குப் போனேன்.
கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அமராவதி
போனைப் பார்க்கவில்லை.
போன தடவை நிவாரணப் பட்டியல் எழுத வந்தவர்
ரோட்டில் நின்றபடியே
படங்கு தெரிந்த வீடுகளை மட்டும்
எண்ணிக்கொண்டு போனாராம்.
"நாங்களும் ஒன்னு கட்டிறவா, பிள்ள?"

பதில் என்னிடம் இல்லை.
மழை கனத்தது.
பீலிக்குப் பின்னால் அவரே என்னைக் கூட்டிப் போனார்.
வெடிப்பின் ஓரத்தில் ஒரு குச்சி,
காலையில் நட்டதாம், நேராக.
ரெண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
பிறகு குனிவதை விட்டுவிட்டு ஓடினோம்.
முதல் காம்பராக் கதவை
அவர்தான் தட்டினார்.